தேதி 20 ஆனால் கை காலி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கைக்கு வருவது 24,000 ரூபாய். கணவர் டூவீலர் மெக்கானிக். மாதம் 16,000 முதல் 20,000 வரை கிடைக்கும். மகள் இரண்டாம் வகுப்பு. போன வருடப் பள்ளிக் கட்டணமும் தீபாவளிச் செலவும் கிரெடிட் கார்டில் போய் இப்போது 46,000 பாக்கி நிற்கிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறேன். வங்கியில் 80,000 ரூபாய் நகைக்கடன் இருக்கிறது. வருடா வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறோம். 1 லட்ச ரூபாய் ஏலச்சீட்டில் 20 மாதத்துக்கு 12 மாதம் முடிந்துவிட்டது, இன்னும் எடுக்கவில்லை. தேதி 20 ஆனால் கையில் காசு இருப்பதில்லை. தினசரிச் செலவை எழுதிப் பார்த்தேன், தொடர முடியவில்லை. உடன் வேலை பார்ப்பவர்கள் எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) போடச் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: தினசரிக் கணக்கை எழுத முடியாததற்கு வருத்தப்பட வேண்டாம். உங்கள் பிரச்சினை அந்த நோட்டில் இல்லை. கார்டில் ஏறியவை எவை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: பள்ளிக் கட்டணம், தீபாவளி. இரண்டுமே எந்த மாதம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்த செலவுகள். டீ, காய்கறி, பஸ் டிக்கெட் என்று எவ்வளவு இறுக்கினாலும் ஜூன் மாதம் வந்தால் பள்ளி கேட்கத்தான் செய்யும். பல வீடுகளின் கணக்கைப் பார்த்த பிறகு நான் உறுதியாகச் சொல்வது இதுதான்: மாதச் சம்பளக் குடும்பத்தைக் கடனில் தள்ளுவது பெரும்பாலும் மாதச் செலவு அல்ல, வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவு.

ஆகவே ஒரு தாளில் 12 மாதங்களை எழுதி, அந்தந்த மாதத்தில் மட்டும் வரும் செலவுகளைப் போடுங்கள். உங்கள் கடிதத்தை வைத்து நான் உத்தேசமாகப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை சேர்த்து 22,000. தீபாவளி, பொங்கல் 15,000. நகைக்கடன் வட்டி 8,000. குலதெய்வம் கோயில் போய்வர 5,000. வண்டி இன்சூரன்ஸ் 2,000. மொய் 12,000. மொத்தம் 64,000, மாதத்துக்குப் பிரித்தால் 5,300 ரூபாய்க்குச் சற்று மேல். உங்கள் தொகைகளைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள், ஆனால் எந்த வரியையும் விட்டுவிடாதீர்கள். சம்பளம் வந்ததும் இந்த 5,300 போய்விட்டது என்று வைத்துத்தான் மீதியைப் பார்க்க வேண்டும்.

மொய்யைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்ஜெட் போடச் சொல்லித்தரும் பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. உங்கள் வீட்டு மொய் நோட்டை எடுங்கள். உங்களுக்கு யார் யார் எவ்வளவு செய்தார்கள் என்று அதில் இருக்கும். அவர்களில் யார் வீட்டில் கல்யாண வயதில் பிள்ளை, யார் வீட்டில் காதுகுத்து, யார் புது வீடு கட்டுகிறார்கள் என்பது உங்கள் மாமியாருக்கோ அம்மாவுக்கோ நன்றாகத் தெரியும். அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் வரும் தையிலும் ஆவணியிலும் எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டியிருக்கும் என்று ஓரளவுக்குத் தெரிந்துவிடும். மொய்யைத் தவிர்க்கச் சொல்ல மாட்டேன். அது ஒருவகையில் வாங்கிய கடன். கடனுக்குப் பணம் எடுத்துவைப்பது போலவே இதற்கும் எடுத்துவைக்க வேண்டும்.

சரி, இருக்கிற கடனுக்கு வருவோம். கார்டுகளில் பாக்கித் தொகைக்குப் பொதுவாக மாதம் 3 முதல் 3.75 சதவீதம் வட்டி. 3.5 என்று வைத்தால் 46,000-க்கு மாதம் 1,610. அந்த வட்டிமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து 1,900 ஆகிறது. குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 2,300. அதில் அசலில் கழிவது 400 ரூபாய்தான். இன்னொன்றும் நடக்கிறது. முழுப் பாக்கியையும் கட்டாதவரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். எனவே இன்றே அந்தக் கார்டைக் கைப்பையிலிருந்து எடுங்கள். ஆன்லைன் கடைகளில் சேமித்து வைத்த கார்டு விவரத்தையும் நீக்குங்கள்.

நகைக்கடன் பெரிய தொகையாகத் தெரிந்தாலும் 10 சதவீத வட்டியில் மாதம் 670 ரூபாய்க்குள்தான். நகை அடகில் இருப்பது மனதை உறுத்தும், அதனால் பலர் முதலில் நகையை மீட்கப் பார்ப்பார்கள். நீங்கள் கார்டை முதலில் முடியுங்கள்.

அதற்கான வழி உங்கள் சீட்டில் இருக்கிறது. ஏலத்தில் எவ்வளவு தள்ளி, அதாவது முழுத் தொகையில் எவ்வளவு விட்டுக்கொடுத்து, சீட்டை எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். நடத்துபவரின் கமிஷன் கடைசி மாதம் எடுத்தாலும் போகத்தான் போகிறது, அதற்கு மேல் நீங்கள் தள்ளுவதுதான் முன்கூட்டி எடுப்பதற்கான செலவு. இன்னும் 8 மாதம் குறைந்தபட்சத் தொகையே கட்டினால் கார்டு வட்டியும் வரியும் மட்டும் 15,000 ரூபாயை நெருங்கும். ஆகவே கமிஷன் போக 10,000 வரை தள்ளி எடுக்க முடிந்தால் தயங்காமல் எடுங்கள். அதற்கு மேல் போனால் அடுத்த மாதம் பாருங்கள், மாதம் போகப் போகத் தள்ளுத்தொகை பொதுவாகக் குறையும். சீட்டு பதிவு செய்யப்படாதது என்றால் பணத்தைச் சீக்கிரம் கைக்குக் கொண்டுவர அதுவே இன்னொரு காரணம்; நடத்துபவர் கைவிரித்தால் போய்க் கேட்க வலுவான இடம் இருக்காது. பதிவு செய்த சீட்டு என்றால் ஜாமீன் கேட்பார்கள், அதற்கு ஆளை முன்பே பேசி வையுங்கள்.

கமிஷன் 5,000, தள்ளியது 10,000 போக 85,000 வந்தது என்று வைப்போம். அன்றைக்கே 46,000 கார்டுக்கு. 15,000 தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில். இது மகளுக்குக் காய்ச்சல், கணவருக்கு வேலையில்லாத வாரம் போன்றவற்றுக்கு மட்டும். மீதி 24,000 நகைக்கடனின் அசலுக்கு. வங்கியில் கேட்டால் அசலில் ஒரு பகுதியைக் கட்டி வரவு வைப்பார்கள். திருப்பி வைக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சீட்டு எடுக்க இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் ஆகும் போலிருந்தால் கார்டு கொடுத்த வங்கியிடம் பாக்கியை இஎம்ஐயாக மாற்றித் தரச் சொல்லுங்கள். வட்டி குறையும், ஆனால் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து வருட வட்டி எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். உடனடிக் கடன் தரும் செயலிகள் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

கார்டு முடிந்தால் மாதம் 2,300 மிச்சமாகும். அது வருடச் செலவுக்கான 5,300-இல் சேரட்டும். மீதி 3,000? கணவரின் வருமானத்தை எப்போதும் 16,000 என்றே கணக்கில் எடுங்கள், அதற்கு மேல் வருவது நேராக இந்தக் கணக்குக்குப் போகட்டும். சராசரியாக 2,000 கிடைக்கும். குறையும் 1,000 ரூபாய்க்குத்தான் வீட்டுச் செலவில் கை வைக்க வேண்டும். இந்தப் பணத்தை அஞ்சலக ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போட வேண்டாம்; அது 5 வருடத் திட்டம், 3 வருடம் முடியும் முன் மூட முடியாது, உங்களுக்கோ ஜூனில் பணம் வேண்டும். யுபிஐ இணைக்காத சேமிப்புக் கணக்கே போதும்.

அப்புறம் வீட்டுச் செலவு. ஒவ்வொன்றாக எழுதாமல் வாரத்துக்கு இவ்வளவு என்று முடிவு செய்து, திங்கட்கிழமை யுபிஐ கணக்குக்கு அந்தத் தொகையை மட்டும் மாற்றுங்கள். வெள்ளிக்கிழமையே தீர்ந்தால் வெள்ளிக்கிழமையே தெரிந்துவிடும், தேதி 20 வரை தெரியாமல் இருக்காது.

கணவர் தினமும் வண்டி ஓட்டுகிறவர். அரசின் இரண்டு காப்பீடுகளை வங்கியிலேயே இருவருக்கும் எடுங்கள்: விபத்துக்கு வருடம் 20 ரூபாய், ஆயுளுக்கு 436 ரூபாய், ஒவ்வொன்றிலும் 2 லட்சம்.

எஸ்ஐபி இப்போது வேண்டாம். வருடத்துக்கு 42 சதவீதம் வட்டி கட்டுகிற கடனை அடைப்பதற்கு ஈடான லாபத்தை எந்த மியூச்சுவல் ஃபண்டும் உறுதியாகத் தராது. 8 மாதத்தில் சீட்டுக் கட்டும் 5,000 உங்கள் கைக்குத் திரும்பும். அதை அப்படியே நகைக்கடனில் கட்டினால் மிச்சமுள்ள 56,000 ஒரு வருடத்தில் தீரும். நகை வீட்டுக்கு வந்த அடுத்த மாதம், அதே 5,000-ஐ வைத்து எஸ்ஐபி பற்றிப் பேசலாம்.