அடுக்களைய எதுக்கு அழிக்கீங்க?

அன்புள்ள சார்,

நான் தக்கலை பக்கம். போன ஆனி மாச மழையில மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியில நனைஞ்சு கெடந்த கருப்புப் பூனைக்குட்டி ஒண்ணத் தூக்கிட்டு வந்தேன். பேரு மணி, பொட்டை. இப்ப ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு. ராத்திரி எங்கயோ சுத்திட்டு காலைல சரியா வந்துரும். போட்டோ மட்டும் வரமாட்டேங்குது சார். ஒண்ணு கலங்கிப் போகுது, இல்லன்னா கரிக்கட்டை மாதிரி ரெண்டு கண்ணு மட்டும் தெரியுது. போர்ட்ரெயிட் மோட்ல எடுத்த ரெண்டு மட்டும் அழகா வந்துச்சு, சேத்து அனுப்பியிருக்கேன். நல்ல கேமரா வாங்கலாம்னு யோசிக்கேன், எது வாங்கட்டும்? போன் முழுக்க பூனைப் படம்தானான்னு வீட்டுக்காரர் கேலி பண்றாரு.

எஸ்.

அன்புள்ள எஸ்,

கேமரா வேண்டாம். அந்தக் காசுக்கு மணிக்கு சாளை மீன் வாங்கிப் போடுங்க. வீட்டுக்காரர் கேலிய விடுங்க, அவரு போன்ல எத்தன கிரிக்கெட் வீடியோ இருக்குன்னு எண்ணிட்டு வந்து பேசட்டும்.

கலங்குறது ட்யூப்லைட்டால. வெளிச்சம் பத்தலன்னா போன் ஷட்டரை கூட நேரம் தொறந்து வைக்கும், அதுக்குள்ள மணி தலையத் திருப்பியாச்சு. அசையுற பூனைக்கு ஒரு செகண்ட்ல 250ல ஒரு பங்கு வேகமாவது வேணும், அது பகல்லதான் நடக்கும். கருப்பா வர்றது வேற வெவகாரம், சன்னலுக்கு முன்னால ஒக்கார வச்சு எடுக்கீங்க, போன் சன்னலப் பாத்து கணக்குப் போடுது, பூனை இருண்டு போகுது. சன்னல் பக்கவாட்டுல இருக்கட்டும். போன் திரையில மணி மூஞ்சியத் தொட்டு, அப்ப வர்ற சூரியன் குறிய ஏத்தி எறக்கி வெளிச்சத்த சரி பண்ணுங்க, ரொம்பப் பக்கத்துல போய் பிரேம் முழுக்க கருப்பாச்சுன்னா போன் அத சாம்பலாக்கப் பாக்கும், அப்ப அந்த சூரியன் குறிய கொஞ்சம் கீழ எறக்கணும். மழை மூட்டமா இருக்குற பகல் இதுக்கு ரொம்ப நல்லது, நம்ம மாவட்டத்துக்கு வருசத்துல ரெண்டு மழைக்காலம் வேற இருக்கு. ஃப்ளாஷ் போடவே போடாதீங்க, பூனைக் கண்ணுக்குள்ள வெளிச்சத்தத் திருப்பி அடிக்குற படலம் ஒண்ணு உண்டு, பச்சையா ரெண்டு பல்பு எரியும், அவ்வளவுதான் கிடைக்கும். டெக்னிக் போதும்.

அந்த ரெண்டு "அழகான" படத்துக்கு வாரேன். அதப் பாத்துதான் எனக்கு கோவமே வந்துச்சு. மணியோட மீசைய எண்ணிப் பாத்தீங்களா? ஒரு பக்கம் பாதியக் காணோம். எது பூனை எது பின்னணின்னு போன் ஊகிச்சுதான் மங்கலாக்குது, மெல்லிசான மீசையும் காது முடியும் அதுக்குப் புரியாது, அதையும் சேத்து தொடச்சு விட்டுரும். சரி, மீசை போனா போகட்டும். பூனைக்குப் பின்னால மஞ்சளா ஏதோ கலங்கிக் கெடக்கே, அது என்ன? சிலிண்டரா, மாவு ஆட்டுற கிரைண்டரா, உங்க மாமியாரா? பாலத்துக்கு அடியில கெடந்த ஒரு ஜீவனுக்கு ஒரு வீடு கெடச்சிருக்கு, நீங்க என்னடான்னா படத்துல அந்த வீட்டயே அழிச்சு வச்சிருக்கீங்க.

எங்க அம்மா ஒரு பூனை வளத்தா. இரணியல் பக்கம் ஓட்டு வீடு, அடுக்களையில ஒரே ஒரு கண்ணாடி ஓடு, அதுலருந்து விழுற வெயிலு நகர நகர அந்தப் பூனையும் நகந்து நகந்து படுக்கும். அதுக்குன்னு யாரு போட்டோ எடுப்பா, அப்பல்லாம் ரோலுக்கு 36 படம், அதுவும் அக்கா கல்யாணத்துக்கு வந்த ஸ்டுடியோக்காரர் ரோலு. ஆனா ஒரு படத்துல மாட்டிக்கிட்டு. அம்மா தேங்கா திருவுறா, பூனை ஓரத்துல பாதி வெட்டுப்பட்டு நிக்குது, வாலு வெளிய. அம்மா கேமராவப் பாக்கல, பூனையத் திட்டுறா, "போ சவமே"ன்னு வாயி அப்பிடியே தெரியுது. பின்னால உறியில சட்டி, செவுத்துல பால் கணக்கு எழுதுன கரிக்கோடு, அம்மா காலுல பித்தவெடிப்பு. அந்த வீட்ட இடிச்சு கான்கிரீட் போட்டாச்சு, அம்மாவும் போயாச்சு. ஸ்டுடியோக்காரர் அன்னைக்கு ஆசையா பூனை மூஞ்சிய மட்டும் எடுத்துத் தந்திருந்தா எங்கிட்ட இன்னைக்கு என்ன இருக்கும்? ஒரு பூனை. பூனைக்கா பஞ்சம், இன்டர்நெட் முழுக்க அதுதான.

வால்டர் சாண்டோஹான்னு அமெரிக்காவுல ஒரு போட்டோகிராபர் இருந்தாரு, 2019ல செத்தாரு. 1949 குளிர்காலத்துல நியூயார்க்ல பனியில கெடந்த குட்டி ஒண்ண கோட்டுக்குள்ள வச்சு வீட்டுக்குக் கொண்டு போனதுலதான் அவரு கதையே தொடங்குது, பொறகு ஆயுசு முழுக்க பூனைதான். அவரு படத்துல நெறைய வெறும் கலர் பின்னணிதான்னு சொல்லி யாரும் எங்கிட்ட சண்டைக்கு வராதீங்க. அவரு விளம்பரத்துக்கு எடுத்தவரு, பூனைத் தீனி டப்பாவுல போட பின்னணி எதுக்கு. நீங்க மணிய டப்பாவுலயா ஒட்டப் போறீங்க? அவருகிட்ட படிக்க வேண்டியது தரையில எறங்குறத. நின்னுக்கிட்டே எடுத்தா முதுகும் மண்டையும்தான் வரும். படுங்க, முட்டி வலிச்சாலும் படுங்க, ரெண்டடி பின்னாடி தள்ளிப் படுங்க, அப்பதான் மூக்கு பெருசாகாது, அடுக்களையும் உள்ள வரும்.

மொறச்சுப் பாக்காதீங்க, பூனைக்கு அது சண்டைக்குக் கூப்புடுறது. கண்ண பைய மூடித் தொறங்க. இங்கிலாந்துல சசெக்ஸ் யூனிவர்சிட்டிக்காரங்க 2020ல இத ஆராய்ச்சி பண்ணி, அப்பிடிச் செய்யிற ஆளுகிட்ட பூனை கூடுதலா நெருங்கி வருதுன்னு எழுதியிருக்காங்க. எங்க அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது, திட்டுவா, அப்பவும் வரும்.

கடைசியா ஒண்ணு, நீங்க போற போக்குல எழுதிட்டீங்க. ஆறு மாசம் தாண்டுன பொட்டைப் பூனை, ராத்திரி வெளிய சுத்துதா? நாலஞ்சு மாசத்துலயே சினை பிடிக்கும் எஸ், ரெண்டு மாசத்துல குட்டி போடும், அந்தக் குட்டிகள எந்தப் பாலத்துக்கு அடியில கொண்டு விடப் போறீங்க? போன நோண்டுனது போதும். பக்கத்து கால்நடை ஆஸ்பத்திரியில கருத்தடை எங்க பண்ணுவாங்கன்னு இந்த வாரமே கேளுங்க, முந்தின ராத்திரி சாப்பாடு எத்தன மணிக்கு நிறுத்தணும்னும் டாக்டர்கிட்டயே கேட்டுக்கிடுங்க. கொண்டு போறப்போ மூடி உள்ள கூடை வேணும், சாக்குப் பையில கட்டித் தூக்கிட்டுப் போகாதீங்க.