தண்ணீர் இறங்காத வாஷிங் மெஷின்: கேள்வி பதில்

வாஷிங் மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை என்றால் பலர் உடனே பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் பம்ப் நன்றாகவே இருக்கும். அடைப்பு மெஷினுக்குள்ளா, தண்ணீரை வெளியேற்றும் ஹோஸிலா, அந்த ஹோஸ் செருகியிருக்கும் சுவர்க் கழிவுநீர்க் குழாயிலா என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. வந்த கேள்விகளுக்கு அந்த நோக்கிலேயே பதில் சொல்கிறேன்.

முன்பக்கம் திறக்கும் மெஷின். டிரம் நிறையத் தண்ணீர் நிற்கிறது, கதவும் திறக்கவில்லை. எங்கே தொடங்குவது?

கதவை இழுக்காதீர்கள். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பூட்டு விடாது. பலமாக இழுத்தால் கைப்பிடிதான் உடையும். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை பொறுங்கள்.

மெஷினின் அடிப்பகுதியில், முன்பக்க ஓரத்தில், சிறிய மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் வட்டமான ஃபில்டரும், பல மாடல்களில் அதன் பக்கத்தில் விரல் பருமனுள்ள ஒரு சிறு குழாயும் தெரியும். அந்தக் குழாயின் அடைப்பானைக் கழற்றி, தட்டையான பாத்திரத்தில் தண்ணீரைப் பிடியுங்கள். பத்து லிட்டருக்கு மேலும் வரலாம். பாத்திரம் நிறைந்ததும் அடைத்துவிட்டுக் கொட்டிவிட்டு வாருங்கள். சிறு குழாய் இல்லையென்றால், கீழே பழைய துண்டுகளை விரித்து, ஃபில்டரைக் கால் சுற்று மட்டும் இடப்பக்கம் திருப்பிக் கசியவிடுங்கள். அவசரப்பட்டு முழுவதும் கழற்றினால் தண்ணீர் அறை முழுக்கப் பாய்ந்துவிடும்.

ஃபில்டரைக் கழற்றிக் கழுவிவிட்டேன். அது போதுமா?

போதாது. பலரும் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுவதால்தான் இரண்டே நாளில் அடைப்பு திரும்பி வருகிறது. ஃபில்டர் இருந்த பொந்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கடைசியில் சிறிய இறக்கைகள் கொண்ட ஒரு சக்கரம் தெரியும். தண்ணீரை வெளியே தள்ளுவது அதுதான். அதன் அச்சில் தலைமுடியும் நூலும் இறுகச் சுற்றிக்கொண்டிருக்கும். காசு, ஊக்கு, உள்ளாடையிலிருந்து நழுவிய கம்பி ஆகியவையும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். தண்ணீர் இறங்க வேண்டிய நேரத்தில் வெறும் "உர்ர்" என்ற சத்தம் மட்டும் கேட்டிருந்தால், இந்தச் சக்கரம் சிக்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

சுத்தம் செய்தபின் ஒரு குச்சியால் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். வழவழவென்று சுற்றாமல் விட்டு விட்டு நகர்ந்தால் பயப்பட வேண்டாம். மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் இழுப்பதால் அப்படித்தான் நகரும். சிறிதும் அசையவில்லை என்றால்தான் பழுது.

ஃபில்டரின் ரப்பர் வளையத்தைத் துடைத்து, மரை கோணாமல் இறுக்குங்கள். பிறகு சோப்புப் பெட்டி வழியாக இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, கீழே ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

ஃபில்டர் சுத்தம், சக்கரமும் சுற்றுகிறது. இன்னும் தண்ணீர் போகவில்லையே?

ஒரு வாளி போதும், கண்டுபிடித்துவிடலாம். சுவர்க் குழாயிலிருந்து ஹோஸை உருவி வாளிக்குள் விட்டு, தண்ணீர் வெளியேற்றும் சுற்றை மட்டும் ஓட்டுங்கள். வாளியைத் தரையில் வைக்காதீர்கள். சுவர்க் குழாயின் வாய் இருக்கும் உயரத்துக்கே ஸ்டூலில் வையுங்கள். தரையில் வைத்தால் பலவீனமான பம்ப்கூட நன்றாக வேலை செய்வதுபோல் ஏமாற்றிவிடும். வாளி வேகமாக நிறையும், நிறுத்தத் தயாராக இருங்கள்.

வாளிக்குள் தண்ணீர் பலமாக விழுந்தால் மெஷினில் குறை இல்லை. அடைப்பு சுவர்க் குழாயில். மெதுவாக வழிந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹோஸ் மெஷினுக்குப் பின்னால் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளியதால் மடிந்துபோன ஹோஸ்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். ஹோஸைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், அந்த நெளிந்த பிளாஸ்டிக் எளிதில் ஓட்டையாகிவிடும்.

அடைப்பு நீக்கும் திரவத்தை டிரம்முக்குள் ஊற்றலாமா?

கூடாது. அது காரமோ அமிலமோ, ரப்பரையும் உலோகத்தையும் கெடுக்கும். காசையும் ஊக்கையும் கரைக்கவும் கரைக்காது. அடுத்து ஃபில்டரைத் திறப்பவரின் கையிலும் முகத்திலும் அது தெறிக்கும், அதுதான் என் பெரிய கவலை. ஏற்கெனவே ஊற்றியிருந்தால், பழுது பார்க்க வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதன் மேல் பிளீச்சிங் திரவத்தையோ வேறு எதையோ சேர்க்கவே வேண்டாம்.

மேலே திறக்கும் மெஷினில் அந்தச் சிறு மூடியே இல்லையே?

பலவற்றில் இருக்காது. சில மாடல்களில் பம்பும் இல்லை. அடியில் ஒரு வால்வு திறக்க, தண்ணீர் தானாக இறங்கும். அப்படிப்பட்ட மெஷினில் ஹோஸ் தரையோடு தாழ்ந்து கிடக்க வேண்டும். அதைத் தூக்கி உயரமான குழாயில் செருகினால் தண்ணீர் போகாது. வால்வில் பொத்தானோ நூலோ சிக்கினால் மூடாமல், நிரப்பும்போதே தண்ணீர் வெளியேறும். வால்வைத் திறப்பதற்கு மெஷினைச் சாய்க்க வேண்டியிருக்கும். அதைத் தனியாளாகச் செய்யாதீர்கள்.

மெஷின் தண்ணீரை விடும்போது சுவர்க் குழாயிலிருந்து பொங்கி வழிகிறது.

குழாயின் உள்ளே சோப்புப் படிவும் நூல் பிசிறும் சேர்ந்து வழி குறுகிவிட்டது. மெல்ல வரும் தண்ணீரை அது தாங்கும், பம்ப் தள்ளும் வேகத்தைத் தாங்காது. பிளம்பர்கள் பயன்படுத்தும் சுருள் கம்பியை விட்டுச் சுழற்றி வெளியே இழுக்க வேண்டும். உள்ளே தள்ளிவிட்டால் அடைப்பு இன்னும் ஆழத்தில் போய் உட்காரும்.

அடிக்கடி ஏன் அடைக்கிறது?

சோப்பு அதிகம், தண்ணீர் எப்போதும் குளிர்ச்சி. இரண்டும் சேர்ந்தால் பிசுபிசுப்பான படலம் உருவாகி, நூல் பிசிறுகளை ஒட்டவைக்கிறது. துணி மென்மையாக்கும் திரவமும் அப்படித்தான். சோப்பைக் குறையுங்கள், மாதம் ஒருமுறை துணி இல்லாமல் 60 டிகிரி வெந்நீரில் ஓட்டுங்கள். குழந்தைகளின் காலுறைகளை வலைப்பையில் போடுங்கள், டிரம்மின் ரப்பர் மடிப்பைத் தாண்டி உள்ளே இறங்குவது பெரும்பாலும் அவைதான்.