மாட்ரிகல் கச்சேரியில் எந்தக் குரலைப் பிடிப்பது?

வணக்கம். அடுத்த வாரம் லண்டனில் ஒரு மாட்ரிகல் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். ஐந்து பாடகர்கள், பக்கவாத்தியம் கிடையாது. மரென்ஸியோ, ஜெசுவால்டோ என்ற பழைய இத்தாலிய இசையமைப்பாளர்களின் பாடல்கள். ஒலிப்பதிவுகளைக் கேட்டேன்; பிரதானப் பாடகர் யாரென்றே பிடிபடவில்லை. எப்படித் தயாராவது, எங்கே உட்காருவது?
கா.

அன்புள்ள கா.,

மாட்ரிகல் என்பது ஒரு கவிதையைப் பல குரல்கள் சமமாகப் பகிர்ந்து பாடும் பழைய இத்தாலியப் பாட்டு. அதில் பிரதானப் பாடகர் என்று யாரும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் வெனிஸில் மாட்ரிகல்களை அச்சிட்டபோது ஒவ்வொரு குரலுக்கும் அதன் பகுதி மட்டும் உள்ள தனிப் புத்தகம் போட்டார்கள். மற்றவர் பாடுவதைக் காதால் கேட்டுத்தான் சேர்ந்துகொள்ள வேண்டும்.

கவிதையை வீட்டிலேயே இரண்டு மூன்று முறை படித்துவிடுங்கள். அரங்கில் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டால் தொலைந்துபோவீர்கள். ஒரே நேரத்தில் ஒருவர் முதல் அடியிலும் இன்னொருவர் இரண்டாம் அடியிலும் இருப்பார்.

மரென்ஸியோ 1599இல் வெளியிட்ட ‘சோலோ எ பென்சோசோ’ நிரலில் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். ஆளற்ற வெளிகளைத் தனியாக, தளர்ந்த நடையில் அளந்து போகிறவனைப் பற்றிய, இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கின் கவிதை. மேல்குரல் ஒவ்வொரு சுரத்தையும் நீட்டி நிறுத்தி, அரைச்சுரம் அரைச்சுரமாக ஒரு ஸ்தாயிக்கும் மேலே ஏறி, பிறகு இறங்கும். அந்த நடையைப் பிடித்துக்கொண்டால் கீழே ஒன்றையொன்று தொடரும் நான்கு குரல்களும் தானாகப் பிரிந்து கேட்கும். அபாரமான இடம் அது. ஜெசுவால்டோவின் ‘மோரோ, லாஸ்ஸோ’வில் ‘சாகிறேன்’ என்பது ஊர்ந்து வரும். ‘வாழ்வு’ என்ற சொல் வந்ததும் குரல்கள் ஓடத் தொடங்கும்.

தம்புரா இல்லாததால் சுருதி இறங்குவது உங்கள் காதுக்கு உடனே தெரியும். அதைப் பாடகரின் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குரல்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒவ்வொரு இசைவையும் சுத்தமாகப் பாடினாலே, சில இசைவுத் தொடர்களில் ஒரு சுற்றுக்கு அரைச்சுரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கீழே போய்விடும். எந்தக் குரல் எங்கே விட்டுக்கொடுப்பது என்று ஒத்திகையிலேயே தீர்மானித்திருக்க வேண்டும்.

இவை பெரும்பாலும் மாளிகை அறைகளில் பாடப்பட்டவை. உங்கள் கச்சேரி தேவாலயத்தில் என்றால் முதல் நான்கைந்து வரிசைக்குள், நடுவில் உட்காருங்கள். பின்னால் போனால் எதிரொலி மெய்யெழுத்துகளை விழுங்கிவிடும்; ஓரத்தில் பக்கத்துக் குரல் மட்டும் தூக்கலாகக் கேட்கும்.

பெரும்பாலும் மூன்று நான்கு பாடல்களைத் தொகுப்பாகப் பாடுவார்கள். தொகுப்பு முடிந்து பாடகர்கள் தாளை இறக்கிய பிறகு கைதட்டுங்கள்.