சீகை மரத்தடியில் ஓர் ஆய்வு

கேள்வி: உதகையில் முதுகலைத் தாவரவியல் இறுதியாண்டு படிக்கிறேன். தாவரங்கள், பூச்சிகள், நுண்ணுயிர்கள் ஆகியவற்றுக்கு இடையிலான உறவைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள் என்கிறார்கள். எப்படித் தொடங்குவது?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: உயிரினத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். கேள்வி சரியாக அமைந்துவிட்டால், எந்த உயிரினத்தைப் பின்தொடர வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

உங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் நடப்பட்ட சீகை மரம் (ஆங்கிலத்தில் வாட்டில்; சீகைக்காய்க் கொடி அல்ல), இன்று நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளை விழுங்கிவருகிறது. அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றித் தருகின்றன. மரத்தை வெட்டியபின் அந்த மண்ணில் எஞ்சியிருக்கும் சத்தும் நுண்ணுயிர்களும் பழைய புற்களைத் திரும்ப வரவிடுமா, அல்லது பல்லாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும் கெட்டித் தோல் கொண்ட சீகை விதைகளுக்கே வழிவிடுமா? அதற்கிடையே, முதிர்ந்த சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை எனப்படும் மலைப் பசுமைமாறாக் காட்டின் மரக் கன்றுகள் முளைப்பதும் உண்டு. ஆகவே எல்லா இடத்திலும் வெட்டித் தள்ளுவது சரியா என்பதே விவாதத்துக்குரியது. புல் திரும்பிய இடங்களில் தேனீக்களும் வண்டுகளும் வருகின்றனவா என்று சேர்த்துக் கேட்டால், உங்கள் மூன்று துறைகளும் ஒரே துண்டு நிலத்தில் சந்தித்துவிடும்.

இனி நடைமுறை. அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் நெட் தேர்வில், உயிர் அறிவியல் பிரிவில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், முதல் இரண்டாண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் கிடைக்கும் (2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்ட தொகை இது). கேட் (GATE) தேர்வில் சூழலியலும் பரிணாமமும் தனித் தாளாகவே உள்ளது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் அறிவியல் மையம், தேசிய உயிரியல் அறிவியல் மையம், ஏட்ரீ (ATREE) என்னும் சூழலியல் ஆய்வு நிறுவனம் ஆகிய மூன்றும் இத்துறையில் முனைவர் பட்ட மாணவர்களைச் சேர்க்கின்றன. முதல் நிறுவனம் முதுமலையில் 1988 முதல் 50 ஹெக்டேர் காட்டில் மரங்களைத் தொடர்ந்து அளந்துவருகிறது. அப்படிப்பட்ட நீண்டகாலத் தரவுகள் இருக்கும் இடத்தில் புதிய மாணவருக்குப் பாதி வேலை மிச்சம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சியியலும் நுண்ணுயிரியலும் தனித்தனித் துறைகளாக இருப்பதால், ஒன்றில் சேர்ந்து மற்றொன்றில் இணை வழிகாட்டியைக் கேட்கலாம்.

ஆனால் உடனே சேர வேண்டாம் என்பேன். ஓராண்டு திட்ட உதவியாளராக வேலை பாருங்கள். மண் மாதிரி சேகரித்து, மழையில் நனைந்து, அட்டைக் கடி பட்ட பிறகும் ஆசை மிஞ்சினால் அது நிலைக்கும்.

காப்புக்காட்டுக்குள் ஒரு பிடி மண் எடுப்பதற்கும் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அது கைக்கு வர மாதங்கள் ஆகலாம். அதுவரை, உரிமையாளரின் சம்மதத்துடன், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சியிருக்கும் தனியார் சோலைத் துண்டுகளில் முன்னோட்ட ஆய்வைத் தொடங்கிவிடலாம்.