ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் இரண்டு அரியர்: பி.எஸ்சி.யை விட்டுவிடலாமா?

கேள்வி கேட்டவர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். இப்போது பி.எஸ்சி. வேதியியல், நான்காவது செமஸ்டர். லேப் பிடிக்கிறது, டைட்ரேஷன் நன்றாக வருகிறது, ஆனால் ஆர்கானிக்கில் இரண்டு அரியர். அந்தப் பேப்பரை மட்டும் விட்டுவிட வழி உண்டா, இல்லை படிப்பையே நிறுத்திவிட்டு பி.காம். சேர்ந்துவிடலாமா என்று கேட்கிறார்.

பேப்பரை மட்டும் விட முடியாது. அமெரிக்காவில் படிக்கும் என் சித்தி மகள் இதே ஆர்கானிக்கைப் பாதி செமஸ்டரில் விட்டாள். மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடத்துக்கு நேராக பாடத்திலிருந்து விலகியதைக் குறிக்கும் ‘டபிள்யூ’ என்று ஓர் எழுத்து விழுந்தது, அவ்வளவுதான். மறு வருடம் திரும்ப எடுத்துத் தேறினாள். நம்மூர் கலை அறிவியல் கல்லூரியில் மேஜர் பேப்பருக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. அரியராக இழுத்துக்கொண்டு போகலாம், அல்லது டி.சி. வாங்கிக்கொண்டு போகலாம்.

நான் இழுத்துக்கொண்டு போனவன். 2012-ல் சேர்ந்தேன். நானும் தமிழ் வழிதான், நானும் ஆர்கானிக்கில் இரண்டு அரியர்தான். எங்களுக்கு எக்ஸ்டர்னல் 75 மதிப்பெண்ணுக்கு, 30 எடுத்தால் பாஸ். நான் முதல் தடவை எடுத்தது 19. திருத்தியதில்தான் தப்பு என்று நம்பி, பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கினேன். வந்த பிறகு பார்த்தால், 19 போட்டதே பெரிய மனசு.

அந்த நகலை எடுத்துக்கொண்டு போய் எங்கள் மேடத்திடம் காட்டினேன். கூட்டல் தப்பு ஏதாவது கண்டுபிடித்துத் தருவார் என்று ஒரு நப்பாசை. வினை எப்படிப் படிப்படியாக நடக்கிறது என்று ஆரோ போட்டுக் காட்டும் மெக்கானிசம் ஒன்றின் மேல் அவர் விரலை வைத்து, “இந்த ஆரோ எதைக் காட்டுது?” என்றார்.

“ஹெச் பிளஸ் போய்ச் சேர்றதைக் காட்டுது மேடம்.”

“அணு போறதைக் காட்டவா ஆரோ போடுறோம்? எலக்ட்ரான் போறதைக் காட்டத்தான்டா ஆரோ.”

ஒன்றரை வருடமாக நான் எல்லா ஆரோவையும் தலைகீழாகப் போட்டுக்கொண்டிருந்தேன். பிளஸ்ஸில் ஆரம்பித்து மைனஸ்ஸில் முடிப்பேன். கைடைப் பார்த்து மனப்பாடம் செய்த விடைகளில் சரியாக இருக்கும், சொந்தமாகப் போட்டதெல்லாம் தப்பாக இருக்கும். ஏன் என்று எனக்கே தெரியாது.

அப்புறம் அவர் கேட்டதுதான் இன்றுவரை மறக்கவில்லை. “நியூக்ளியோஃபைலுக்கு பிளஸ் டூ-ல என்ன பேர் படிச்ச?” கருக்கவர் பொருள் என்றேன். “சரி, கருவுல என்ன சார்ஜ்?” பிளஸ். “அப்ப அந்தப் பிளஸ்ஸைத் தேடிப் போற ஆள் கையில என்ன வச்சிருக்கணும்?” எலக்ட்ரான். “அப்ப ஆரோ எங்கே ஆரம்பிக்கணும்?” முடிந்தது. மெத்தில் புரோமைடும் ஹைட்ராக்சைடும் வினைபுரியும்போது ஹைட்ராக்சைடின் எலக்ட்ரான் ஜோடியிலிருந்து கார்பனுக்கு ஓர் ஆரோ, கார்பன்–புரோமின் பிணைப்பிலிருந்து புரோமினுக்கு இன்னோர் ஆரோ. பாடத்தில் எஸ்.என்.2 என்று சொல்லும் வினை மொத்தமும் அந்த இரண்டு கோடுகள்தான். கருக்கவர் என்ற சொல் பிளஸ் டூ-விலேயே என்னிடம் இருந்தது. கல்லூரிக்கு வந்ததும் அதைப் பட்டிக்காட்டுச் சொல் என்று ஒளித்துவிட்டு, புரியாத ஆங்கிலச் சொல்லை நெட்டுருப் போட்டேன்.

அன்றோடு எல்லாம் விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூலக்கூறின் முப்பரிமாண அமைப்பைப் பற்றிய ஸ்டீரியோ கெமிஸ்ட்ரி அதற்குப் பிறகும் என்னை வாட்டியது. மாடல் கிட் வாங்கக் காசில்லை. ஈர்க்குச்சியும் மைதா உருண்டையும் வைத்து நான்முகி செய்து, திருப்பித் திருப்பிப் பார்த்து ஆர், எஸ் என்ற இரண்டு அமைப்புகளைப் பிரித்தறியப் பழகினேன். அம்மாவுக்கு மைதா போன கோபம். ஒரு அரியரை நான்காவது செமஸ்டரில் 34 எடுத்து முடித்தேன். இன்னொன்று அப்போதும் போச்சு, ஐந்தாவதில் 31. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

இனி என் நண்பன் கதை. இருவரும் ஒரே பெஞ்ச். அவனுக்கு ஆர்கானிக்கில் 52, அரியர் ஒன்றுகூட இல்லை. அவன்தான் முதல் வருடம் முடிந்ததும் படிப்பை விட்டான். லேப் என்றாலே அவனுக்கு வேப்பங்காய். சால்ட் அனாலிசிஸ் நாளில் காலையிலிருந்தே முகம் செத்துப்போயிருக்கும். ஆனால் மெஸ் கணக்கு, டூர் கணக்கு என்றால் இரவு பன்னிரண்டு மணிக்கும் உட்கார்ந்து பைசா பிசகாமல் போடுவான். வேறு கல்லூரியில் பி.காம். முதலாம் ஆண்டில் சேர்ந்தான், இப்போது ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறான். விட்டது சரி என்றுதான் நானும் சொல்வேன்.

அதனால்தான் உங்கள் அரியர் எண்ணிக்கையைவிட, லேப் பிடிக்கும் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என் கண்ணில் பட்டது. ஃபிசிக்கலும் இன்ஆர்கானிக்கும் தேறிவிட்டு ஆர்கானிக் மட்டும் நிற்கிறது என்றால், தகராறு ஒரு பேப்பரோடுதான். வேதியியலோடு இல்லை. இதற்காகப் படிப்பை விடுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது. உங்கள் பழைய விடைத்தாளின் நகல் கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஒரு வெள்ளைத்தாளில், எதையும் பார்க்காமல், ஒரே ஒரு வினையின் மெக்கானிசத்தைப் போட்டு, ஒவ்வொரு ஆரோவும் ஏன் அங்கே ஆரம்பிக்கிறது என்று தமிழில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் வாய் நிற்கிறதோ அங்கேதான் ஓட்டை. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகள் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன, நல்ல வகுப்புகள். ஆனால் ஓட்டை எங்கே என்று தெரிந்த பிறகு பாருங்கள். தெரியாமல் பார்த்தால் சினிமா பார்ப்பது போலத் தலையாட்டிக்கொண்டு பார்த்து முடித்துவிடுவோம்.

இரண்டு வாரம் இப்படி உட்கார்ந்த பிறகும், புரியவில்லை என்பது போய், எனக்கு இது தெரிய வேண்டாம் என்றே தோன்றினால், லேப் ஆசையும் சும்மா பேச்சுதான் என்று பட்டால், அப்போது விடுவதைப் பற்றி யோசிக்கலாம். அதற்கும் கணக்கு இருக்கிறது. பி.காம். என்றால் முதலாம் ஆண்டிலிருந்துதான். இரண்டு வருடம் போகும். பல கல்லூரிகளில் பிளஸ் டூ-வில் வணிகவியல் படித்தவர்களுக்குத்தான் முன்னுரிமை என்பதால் இடம் உறுதியாகும் முன் டி.சி. கேட்காதீர்கள். அரசுப் பள்ளி என்கிறீர்கள்; புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருக்கும். படிப்பை நிறுத்தினால் அதுவும் நிற்கும். என் நண்பனிடம் கல்லூரி மீதி இரண்டு வருடக் கட்டணத்தைக் கட்டினால்தான் சான்றிதழ் என்றது. அவன் அப்பா நாலு தடவை அலைந்து, பாதியைக் கட்டி வாங்கி வந்தார். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று 2018-ல் யு.ஜி.சி. அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

வேலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான் ஆலத்தூர் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் க்யூ.சி.யில், அதாவது தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க கலவையில் உள்ளதைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. கருவி, பி.ஹெச். மீட்டர், டைட்ரேஷன். சேர்ந்த நாளிலிருந்து ஒரு மெக்கானிசம்கூடப் போட்டதில்லை. எந்தக் கரைப்பானில் எது கரையும், ஹெச்.பி.எல்.சி.யின் காலம் (column) என்ற குழாயிலிருந்து எது முதலில் வெளியே வரும் என்று யோசிக்கும்போது மட்டும் அந்தப் பழைய ஆர்கானிக் எட்டிப் பார்க்கும். இன்டர்வியூவில் மொலாரிட்டிக்கும் நார்மாலிட்டிக்கும் என்ன வித்தியாசம் என்றார்கள், பியூரெட்டைக் கழுவும் முறையைக் கேட்டார்கள். அரியரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ரேங்க் மட்டும் போனது போனதுதான், அது முதல் முயற்சியிலேயே எல்லாம் தேறியவர்களுக்கு.

இந்த செமஸ்டர் தேர்வுக் கட்டணம் கட்டும்போது அரியர் இரண்டுக்கும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். விடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நான் ஒருமுறை கடைசித் தேதியைக் கோட்டைவிட்டு, அபராதத்தோடு கட்டினேன்.