“நோவு ஒண்ணும் இல்லீங்களே, எதுக்குப் போகோணும்?”

கேள்வி: எனக்கு 27 வயசுங்க. பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. நாலு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை பண்ணிக்கோன்னு நங்கையா சொல்லிட்டே இருக்காங்க. எனக்கு நோவு ஒண்ணும் இல்லீங்க. அங்க என்னதான் பண்ணுவாங்க? வலிக்குமுங்களா? லீவு போட்டா சம்பளமும் போயிரும்.
– வாசகி, திருப்பூர்

பதில்: நோவு இல்லாதபோது போவதற்காகத்தான் இந்தப் பரிசோதனையே இருக்கிறது, அம்மிணி. இது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை. அந்தப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். தாம்பத்திய உறவில் தொற்றும். பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கி, கர்ப்பப்பை வாயிலுள்ள செல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும். அது புற்றாக முற்றப் பொதுவாக 10 முதல் 20 வருடம் ஆகும். அத்தனை காலமும் வலிக்காது, எந்த அடையாளமும் தெரியாது. பரிசோதனையில் அகப்படுவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். அப்போது சில நிமிடச் சிகிச்சையே போதும்.

உங்கள் வயதுக்கு ஏற்றது, கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர், மூன்று வருடத்துக்கு ஒருமுறை. 30க்குப் பிறகு, அந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.வி. பரிசோதனை செய்தால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போதும். அதை இப்போதே செய்தால், தானே போய்விடப் போகிற தொற்றையும் காட்டி வீண் பயத்தைத்தான் தரும்.

உள்ளே நடப்பது இதுதான். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி அகட்டி வைப்பீர்கள். இடுப்புக்குமேல் துணி போர்த்தியிருக்கும். வாத்தின் அலகு போன்ற ஸ்பெகுலம் என்ற கருவியை மெல்ல நுழைத்து விரிப்பார்கள். உலோகமாக இருந்தால் சில்லென்று இருக்கும்; வெதுவெதுப்பான நீரில் நனைத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள், சிறிய அளவும் கேட்கலாம். பிறகு மெல்லிய குச்சியையோ சிறு பிரஷ்ஷையோ கர்ப்பப்பை வாயில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பார்கள். ஊசியும் கிடையாது, கத்தியும் கிடையாது. லேசாகச் சுருக்கென்று இழுக்கலாம். மூச்சை அடக்கிக்கொண்டு தொடையை இறுக்கினால்தான் வலி கூடும். வாயால் மெல்ல ஊதிக்கொண்டே இருங்கள். எல்லாம் ஐந்து நிமிடம்தான். அன்றைக்கு ஓரிரு சொட்டு ரத்தம் பட்டால் பயப்பட வேண்டாம்.

சிலருக்கு “மாதிரி போதவில்லை” என்று ரிசல்ட் வரும். எடுத்ததில் ரத்தமோ சளியோ கலந்திருக்கும், இல்லை மாதிரியைத் தடவிய கண்ணாடி ஸ்லைடை உடனே ஆல்கஹாலில் போடாமல் காயவிட்டிருப்பார்கள். மறுபடி எடுக்க வேண்டியதுதான், அது நோய் என்று அர்த்தமில்லை. உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: தூரமான முதல் நாளிலிருந்து எண்ணி 10 முதல் 20 நாளுக்குள் போங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாளும் உறவு வேண்டாம். வெள்ளைப்படுதலுக்கு உள்ளே வைக்கும் மாத்திரையும் க்ரீமும் வேண்டாம், உள்ளே கழுவவும் வேண்டாம்.

ஒருநாள் சம்பளம் என்பது சிறிய விஷயமில்லை, தெரியும். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு காலையிலேயே போனால் அரைநாள் பர்மிஷனில் முடிக்கலாம். ரிசல்ட் எந்த நாளில், யாரிடம் வாங்க வேண்டும் என்று சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். பரிசோதனைக்கு வந்துவிட்டு ரிசல்ட் வாங்காமலே விட்டுவிடுவதுதான் எங்களை மிகவும் வருத்தும் விஷயம்.

உறவுக்குப் பின் ரத்தம், இரண்டு தூரத்துக்கு நடுவே ரத்தம், கெட்ட வாடையோடு வெள்ளைப்படுதல் இருந்தால் மூன்று வருடக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. போன முறை ரிசல்ட் நன்றாக வந்திருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: 24 வயது, கல்யாணம் ஆகவில்லை. இந்தப் பரிசோதனையெல்லாம் வேண்டாம் என்று அம்மா பயப்படுகிறார். எச்.பி.வி. தடுப்பூசியாவது போடலாமா?
– வாசகி, கோபி

பதில்: உறவே இருந்ததில்லை என்றால் இப்போது பரிசோதனை தேவையில்லை. தடுப்பூசி போடலாம். நம் நாட்டிலேயே தயாராகும் செர்வாவாக், 15 முதல் 26 வயதுவரை மூன்று ஊசி: முதலில் ஒன்று, 2ஆம் மாதம் ஒன்று, 6ஆம் மாதம் ஒன்று. எல்லா வகை வைரஸையும் அது தடுக்காது. கல்யாணத்துக்குப் பிறகு பரிசோதனைக்கும் போக வேண்டும். திருப்பூர் வாசகியின் மகளுக்கு 9 வயதானால், 14 வரை இரண்டே ஊசி.

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்த நர்சம்மா, “வெள்ளையாத் தெரியுது, ஜி.எச்.சுக்குப் போங்க” என்றார். 34 வயது. புற்றுநோய்தான் என்று வீட்டில் அழுகிறார்கள். மாமியார் என்னையே சந்தேகப்படுகிறார்.
– வாசகி, பவானி

பதில்: உங்களுக்குச் செய்தது அசிட்டிக் அமிலப் பரிசோதனை. வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். 3 முதல் 5 சதவீதக் கரைசலைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறிய செல்கள் உள்ள இடம் வெளுக்கும். வெறும் புண், அழற்சி இருந்தாலும் வெளுப்பதுண்டு. எனவே அது புற்றுநோய் என்ற தீர்ப்பில்லை, கூர்ந்து பார்க்கச் சொல்லும் குறிப்பு. ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

ஜி.எச்.சில் கால்போஸ்கோப் வைத்துப் பார்ப்பார்கள். அது பெரிதாக்கிக் காட்டும் கருவி, உங்கள் உடம்புக்கு வெளியேதான் நிற்கும். தேவைப்பட்டால் அரிசி மணி அளவு சதை எடுத்து அனுப்புவார்கள். புற்றாவதற்கு முந்தைய மாற்றம் என்று வந்தால் உறையவைத்தோ சூடுவைத்தோ அந்த இடத்தை மட்டும் அழிப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். சில வாரம் நீராகக் கசியும். ஒரு மாதம் உறவு கூடாது என்பதைக் கணவருக்கும் சொல்லிவிடுங்கள்.

மாமியாருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்: இந்த வைரஸ் கல்யாணமான புதிதிலேயே வந்து, பல வருடம் வெளியே தெரியாமல் கிடக்கக்கூடும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. இதை வைத்து யார்மேலும் பழி போட இடமே இல்லை. அவருக்கும் 65 வயதுக்குள்தான் என்றால் ஜி.எச்.சுக்கு உங்களோடு அழைத்துப் போங்கள். மாதவிலக்கு நின்றபின் மாற்றம் வருகிற இடம் உள்ளே போய்விடுவதால் அமிலம் தடவி வெறுங்கண்ணால் பார்க்கும் பரிசோதனை சரிவராது; பாப் ஸ்மியரோ எச்.பி.வி. பரிசோதனையோ கேளுங்கள். உங்களுக்குச் சிகிச்சை நடந்தால் ஒரு வருடம் கழித்து மறுபரிசோதனை உண்டு. அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.