மூன்று கம்ப்யூட்டருக்கும் ஒரே பெயரா?

கேள்வி: எங்கள் டிடிபி கடையில் உபுண்டு (லினக்ஸ்) போட்ட மூன்று கம்ப்யூட்டர்கள். எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியாக வேறு கம்ப்யூட்டருக்குள் நுழையும் வசதி) வழியாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனால், டெர்மினலில் மூன்றும் ஒரே பெயரைக் காட்டுகின்றன. எதில் இருக்கிறோம் என்றே தெரியவில்லை. என்ன செய்வது?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: இதை உடனே சரிசெய்யுங்கள். தவறான கம்ப்யூட்டரில், ஃபைலை அழிக்கும் ஆர்எம் கட்டளை கொடுத்துவிட்டால் ஃபைல் திரும்பாது.

'சூடோ ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம்' என அடித்து, இடைவெளி விட்டுப் புதுப் பெயரைக் கொடுங்கள். சின்ன ஆங்கில எழுத்து, எண், நடுவில் ஹைஃபன் மட்டுமே, அண்டர்ஸ்கோர் வேண்டாம். 63 எழுத்தைத் தாண்டக்கூடாது. ராயபுரம், பெரம்பூர், கொருக்குப்பேட்டை என்று வைத்தால் பையன்களுக்கும் சட்டென்று பிடிபடும்.

பலரும் இதோடு விட்டுவிடுகிறார்கள். இடிசி ஃபோல்டரில் 'ஹோஸ்ட்ஸ்' ஃபைலைத் திறந்து, 127.0.1.1 வரியிலும் பழைய பெயரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் சூடோ (நிர்வாகி அனுமதியோடு கட்டளையை இயக்குவது) அடிக்கும்போதெல்லாம் 'ஹோஸ்ட் தெரியவில்லை' என்ற எச்சரிக்கை வரலாம். டெர்மினலை மூடித் திறந்தால் புதுப் பெயர் தெரியும்.

அடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கி இயக்குவது பாஷ். அதன் அமைப்புகள் இருக்கும், ஹோம் ஃபோல்டரிலுள்ள பாஷ்ஆர்சி ஃபைலை நகலெடுத்துவிட்டு, கடைசியில் பிஎஸ்1 வரியை (கட்டளைக்கு முன்னால் என்ன தெரிய வேண்டும் என்று சொல்வது) எழுதுங்கள்; அதன் மதிப்பு ஒற்றை மேற்கோளுக்குள் இருக்கட்டும். அதில் பேக்ஸ்லாஷுடன் யு என்றால் பயனர் பெயர். அதேபோல் ஹெச் என்றால் கம்ப்யூட்டர் பெயர். சின்ன டபிள்யூ முழுப் பாதை, பெரிய டபிள்யூ கடைசி ஃபோல்டர் மட்டும்.

கோளாறு வருவது நிறத்தில்தான். ஒவ்வொரு நிறக் குறியீட்டுக்கும் முன்னால் பேக்ஸ்லாஷுடன் திறக்கும் சதுர அடைப்பு, பின்னால் பேக்ஸ்லாஷுடன் மூடும் அடைப்பு கட்டாயம். விட்டால், கண்ணுக்குத் தெரியாத குறியீட்டையும் பாஷ் எழுத்தாக எண்ணிக்கொள்ளும். நீளமான கட்டளை அடுத்த வரிக்கு இறங்காமல் அதே வரியின் மேலேயே ஏறும். மூன்றிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.